ஓய்வு வேளை: வாசலில் பூத்ததை வரைவோம்

இவ்வரிகளை எழுதும் இந்நேரத்தில், நம் குடியிருப்பின் மூலையிலுள்ள முள்ளிலவ மரம் ஓர் இலையும் இன்றிக் கிளை நுனிவரை சிவந்து நிற்கிறது. அதன் பூக்கள் கனமானவை. ஆகையால் அவை ஓசையின்றி உதிர்வதில்லை. யாரோ மேலிருந்து எலுமிச்சம்பழத்தை எறிந்தாற்போல் தொப்பென்று விழுகின்றன. இன்னும் இருபது நாட்கள் சென்றால் இம்மரத்தில் ஒரு பூவும் இராது. எனவே, சென்ற இதழில் நாம் வாக்களித்திருந்த தபால்தலைச் சேகரிப்பை அடுத்த மாதத்திற்கு ஒத்தி வைத்து, இம்மாதம் நீர்வர்ணச் சித்திரம் பற்றி எழுதத் துணிந்தோம். தபால்தலை காத்திருக்கும்; இலவம்பூ காத்திராது. அன்பர்கள் பொறுத்தருள வேண்டும்.

முதலிலேயே ஒன்று கூறிவிடுகிறோம். நாம் ஓவியர் அல்லோம். இரயில்வேயின் சரக்குப் பிரிவில் ரசீதுகளோடு மன்றாடும் குமாஸ்தா. படிப்பும் மெட்ரிகுலேஷனோடு நின்றுவிட்டது. நமக்குத் தூரிகை பிடிக்கக் கற்பித்தவர், வண்டிப் பட்டறையில் பெட்டிகளுக்கு எண்ணும் எழுத்தும் தீட்டும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு வங்காளிப் பெரியவர். அடுத்த வீட்டில் தம் மகனோடு இருந்தார். அவரைக் 'காகா பாபு' என்று அழைப்போம். சிற்றப்பா என்பது பொருள். ஆயினும் நம் வீட்டுச் சிறுவர்களுக்கு அது காகத்தையே நினைவூட்டியதால், முதல் சில நாட்கள் அவரைக் கண்டதும் சிரித்துக் கொண்டிருந்தார்கள். அவரிடம் நாம் கற்றது மிகக் கொஞ்சம். அக்கொஞ்சத்தையே இங்குத் தருகிறோம்.

சென்ற ஆண்டு மாசி மாதத்தில், ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு முடிந்தபின் ஒரு மணி நேரம் குழந்தைகளுக்குச் சித்திரம் பழக்கலாம் என்று நம் சங்கத்தின் செயற்குழுவினர் விரும்பி, அப்பொறுப்பை நம்மிடம் ஒப்படைத்தனர். பன்னிரண்டு குழந்தைகள் வந்தனர். "வசந்த காலத்தை வரையுங்கள்" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் அமர்ந்தோம். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால், பன்னிரண்டு தாள்களிலும் ஏறக்குறைய ஒரே சித்திரம்! இரண்டு முக்கோண மலைகள், இடையே சிரிக்கும் சூரியன், வளைந்தோடும் ஆறு, கரையில் ஒரு தென்னை, ஓட்டு வீடு, வானத்தில் நான்கைந்து பறவைகள். நம் கரக்பூரில் மலை ஏது? அந்தத் தென்னையும் ஓட்டு வீடும் ஆண்டுக்கொருமுறை விடுமுறையில் பார்த்த ஊரின் நினைவா என்றால் அதுவும் இல்லை. பள்ளிக்கூடப் புத்தகத்திலிருந்து கைக்கு ஏறிய பழக்கம், அவ்வளவே. அப்போது எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி எழுந்து, "மாமா, வசந்தம்னா எப்போ வரும்? பரீட்சைக்கு முன்னாடியா, அப்புறமா?" என்று கேட்டாள்.

கூடத்தின் சாளரத்திற்கு வெளியே முள்ளிலவு பூத்துக் கிடந்தது.

சிறுவர்களைக் குறை கூறிப் பயனில்லை. தவறு நம்முடையது. கரும்பலகையில் மாதிரிக்காக நாம் மாட்டியிருந்ததே, கைப்பேசியில் தேடிப் பிடித்து அச்செடுத்த ஜப்பானியச் செர்ரிப் பூக்களின் சித்திரந்தான். 'தொடக்கநிலையினருக்கு வசந்தச் சித்திரங்கள்' என்று தேடினால் செர்ரியும் டூலிப்பும் டாஃபடிலுமே வந்து குவிகின்றன. அழகில்லை என்று யார் சொன்னார்? ஆனால் கண்டிராத பூவை வரைபவன், பிறர் வரைந்ததைத்தான் திரும்ப வரைகிறான். எதை வரைவது, எதை விடுவது என்று அவனுக்குத் தெரிவதில்லை. நீர்வர்ணத்திலோ விடுவதுதான் பாதி வேலை. அடுத்த ஞாயிறு முதல் நம் வகுப்பில் ஒரே விதி வைத்தோம். வீட்டு வாசலிலிருந்து நடக்கும் தூரத்தில் இன்று எது பூத்திருக்கிறதோ, அதை மட்டும் வரைய வேண்டும்.

வேண்டிய பொருள்கள் அதிகமில்லை. பன்னிரண்டு வர்ணப் பெட்டி வீட்டிலிருந்தால் அதுவே போதும். ஆயினும் அதிலுள்ள வெள்ளையையும் கறுப்பையும் எடுத்து ஒளித்து வைத்துவிடுங்கள். வெண்மைக்குத் தாள் இருக்கிறது. கருமையை மற்ற வர்ணங்களே ஒன்று கூடித் தந்துவிடும். புதிதாக வாங்குவோர் எலுமிச்சை மஞ்சள், கிரிம்சன் சிவப்பு, அல்ட்ராமரைன் நீலம், சுட்ட செம்மண்ணின் நிறமாகிய பர்ன்ட் சியன்னா என்று நான்கு வாங்கினால் ஒரு வசந்தத்தைக் கடத்திவிடலாம். உருண்டைத் தூரிகையில் 8ஆம் எண் ஒன்று, 3ஆம் எண் ஒன்று. எதில் மிச்சம் பிடித்தாலும் தாளில் மட்டும் பிடிக்காதீர்கள். நோட்டுப் புத்தகத் தாள் தண்ணீர் பட்டதும் அப்பளம்போல் நெளிந்துவிடும். குழந்தை தன் கையைத்தான் நொந்துகொள்ளுமேயன்றித் தாளை நொந்துகொள்ளாது. 300 ஜி.எஸ்.எம். கனமுள்ள நீர்வர்ணத் தாள் ஒன்றை நான்காக வெட்டிக் கொள்ளுங்கள். பின்புறமும் பயன்படும். தண்ணீருக்கு இரண்டு குவளைகள்: ஒன்று தூரிகை கழுவ, மற்றொன்று வர்ணம் கலக்க. தாளின் நான்கு ஓரங்களையும் ஒட்டு நாடாவால் பலகையில் பிடித்து வைக்கவும். பழைய வேட்டித் துண்டு ஒன்று மடிமேல் இருக்கட்டும். அதன் அருமை பின்னர் தெரியும்.

பூவுக்கு முன் வானம். பலகையின் தலைப்பக்கத்தின் கீழ் ஒரு தீப்பெட்டியை வைத்துச் சற்றே சாய்வாக்குங்கள். கிண்ணத்தில் நீலத்தை வேண்டிய அளவுக்கு மேலேயே கலந்து கொள்ளுங்கள். நடுவில் தீர்ந்து போனால் காரியம் கெட்டது. தூரிகையை நிறைய நனைத்து, இடமிருந்து வலமாக ஒரே வீச்சு. கோட்டின் கீழ் விளிம்பில் வர்ணநீர் மணிபோல் திரண்டு நிற்கும். அடுத்த வீச்சு அம்மணியைத் தொட்டுக்கொண்டு செல்ல வேண்டும். வரவரத் தூரிகையில் தண்ணீரை மட்டும் சேர்த்துக்கொண்டே வந்தால், மேலே நீலமாகத் தொடங்கிய வானம் அடிவானத்தில் வெளுத்து முடியும். பிறகு கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். அதுதான் கடினம். பாதி காய்ந்த இடத்தில் 'சிறிது சரி செய்வோம்' என்று ஈரத் தூரிகையை வைத்தீர்களோ, புது நீர் பழைய வர்ணத்தை விளிம்புக்குத் தள்ளிக் காலிப்ளவர் பூவைப்போல் ஒரு கறையை உண்டாக்கிவிடும். நம் முதல் ஐந்து வானங்களிலும் காலிப்ளவர்தான் விளைந்தது. காகா பாபு அவற்றைப் பார்த்து, சந்தையில் விலை இறங்கிவிடும் என்றார்.

தாளைக் கண்ணுக்கு நேரே சாய்த்து ஒளியில் பாருங்கள். பளபளவென்று இருந்தால் ஈரம். அதன்மேல் வைக்கும் வர்ணம் தானே பரவும். பளபளப்பு மங்கித் தொட்டால் மட்டும் குளிர்ந்தால், அது ஆபத்தான வேளை; தொடாதீர்கள். முற்றும் காய்ந்துவிட்டால் கோடு கோடாகவே நிற்கும். இம்மூன்று நிலைகளையும் பிரித்தறியக் கற்ற குழந்தை நீர்வர்ணத்தில் பாதியைக் கற்றுவிட்டது. மேலும், ஈரத்தில் இருந்த அடர்த்தி காய்ந்தபின் இராது. வர்ணம் வெளுத்தே காயும். எனவே முதலிலேயே சற்றுத் துணிந்து வைக்க வேண்டும்.

இனி இலவம்பூ. வங்காளிகள் இதை ஷிமுல் என்பர். இதைத்தான் முதற்பூவாகத் தேர்ந்தெடுத்தோம். ஏனெனில் இதைப் போல் தொடக்கநிலையினருக்கு இணக்கமான பூ வேறில்லை. இதழ்கள் ஐந்தே, பெரியவை, தடித்தவை. மரத்திலிருந்து பறிக்க வேண்டுவதும் இல்லை, விழுந்ததைப் பொறுக்கி மேசைமேல் வைத்தால் போதும். 8ஆம் எண் தூரிகையைச் சிவப்பில் நன்றாகத் தோய்த்து, பூவின் நடுவிலிருந்து நுனியை வைத்துத் தொடங்கி, வயிற்றுப் பக்கத்தை அழுத்தி, மீண்டும் நுனியால் எடுத்தால் ஓர் இதழ் ஆயிற்று. பென்சிலால் முன்கூட்டிக் கோடு வரையாதீர்கள். வரைந்தால் குழந்தை கோட்டுக்குள் வர்ணம் நிரப்பத் தொடங்கிவிடும், பூ செத்துவிடும். இதழ் ஈரமாயிருக்கும்போதே அதன் அடியில் ஒரு சொட்டு நீலம் கலந்த சிவப்பை விடுங்கள். அது தானே மேலேறி நிழலாகும். இதழ்களுக்கிடையே நூலளவு வெண்மை விட்டுச் செல்லுங்கள். காய்ந்தபின், 3ஆம் எண் தூரிகையால் நடுவில் கேசரங்களை வைக்கலாம். அடியிலுள்ள தடித்த கிண்ணத்தைப் பச்சையாக வரையப் பலரும் விரைவார்கள். கையில் எடுத்துப் பார்த்தால் பச்சையும் பழுப்பும் கலந்ததென்பது விளங்கும்.

முழு மரத்தை வரைய விரும்புவோர் வேறு வழியில் செல்ல வேண்டும். கிளைகள் அடிமரத்திலிருந்து தட்டுத் தட்டாக, ஏறக்குறையப் படுக்கை வாட்டில் நீள்வதை முதலில் கவனியுங்கள். நம் குழந்தைகள் எல்லா மரத்தையும் குடையாக வரைந்து பழகியவர்கள். இலவோ குடையன்று, கொடிக்கம்பம் போன்றது. அதில் அமர்ந்து தேன் குடிக்கும் மைனாவும் காகமும் கரிச்சானும் சேர்ந்தால் சித்திரம் தானே உயிர் பெறும். பறவைக்கு ஒரு கறும்புள்ளி போதும். ஒரு பையன் காகத்துக்கு இரண்டு கண்ணும் அலகும் நகமும் வைத்தான். மரம் காகத்தின் பின்னே மறைந்தே போயிற்று. அவனுக்கு அதில் மிகுந்த திருப்தி. நாம் ஒன்றும் சொல்லவில்லை.

பலாஷ் என்று இங்கே வழங்குவது நம்முடைய புரசு மரமே. சென்னையில் புரசைவாக்கம் என்னும் பெயருக்கே இம்மரந்தான் காரணம் என்பர். கரக்பூரிலிருந்து டாட்டாநகருக்குப் பகல் வண்டியில் செல்லும் அன்பர்கள் ஜார்கிராமைத் தாண்டியபின் இருபுறமும் பார்த்தால், இலையற்ற காட்டில் செம்மஞ்சள் நெருப்புத் துண்டுகள் நிற்பதைக் காணலாம். அப்படி ஓடும் வண்டியிலிருந்து பார்ப்பதுதான் இதை வரையச் சரியான தூரம். தாளைப் பளபளக்க நனைத்து, மஞ்சளை ஆங்காங்கே சொட்டி, அதன் பக்கத்தில் சிவப்பைச் சொட்டி, அவை தாமே கூடிக்கொள்ள விட்டுவிடுங்கள். கிண்ணத்தில் முன்பே கலந்து வைத்த செம்மஞ்சளுக்கு அந்த உயிர் வராது. காய்ந்தபின் கறுத்த கிளைகள் நான்கு. அருகில் வைத்து வரைவோர், பூ கிளியின் அலகு போல் வளைந்திருப்பதையும், அதைத் தாங்கும் காம்புக் கிண்ணம் கறுப்பு வெல்வெட்டுப்போல் இருப்பதையும் காண்பார்கள். அந்தக் கருமையின் அருகில்தான் சிவப்பு எரிகிறது. இப்பூக்களைக் கொதிக்க வைத்து ஹோலிக்கு மஞ்சட்சாயம் இறக்கும் வழக்கமும் உண்டு. ஆனால் அச்சாயத்தைச் சித்திரத்திற்குப் பயன்படுத்தாதீர்கள். வெயில் பட்டால் வெளுத்துவிடும். நம் சமையலறை மஞ்சளும் அப்படியே.

இந்த ஈரத்தாள் வித்தைக்கும் வங்கத்திற்கும் பழைய உறவு உண்டு. 1903இல் யோகோயாமா தைகான், ஹிஷிதா ஷுன்ஸோ என்னும் இரு ஜப்பானிய ஓவியர்கள் கல்கத்தாவுக்கு வந்தனர். அவர்கள் நீரால் வர்ணத்தை இளக்கும் முறையைக் கண்ட அபனீந்திரநாத தாகூர், வரைந்த சித்திரத்தை முழுவதுமாகவே தண்ணீரில் நனைத்தெடுத்து, மேலும் வரைந்து, மேலும் நனைத்து, மூடுபனி போன்றதொரு முறையைத் தமதாக்கிக் கொண்டார். அவரிடம் பயின்ற தேவிபிரசாத் ராய் சௌத்ரிதான் பின்னர் சென்னைக் கலைப் பள்ளியின் தலைவரானவர். கடற்கரையில் பாறையைப் பெயர்க்கும் நான்கு உழைப்பாளிகளின் சிலையைப் பார்க்காத தமிழர் யார்? அதைச் செய்தவர் அவரே. அவர் அங்கு சென்றார். நாம் இங்கு வந்தோம். கணக்குச் சரியாகிவிட்டது என்று நாம் காகா பாபுவிடம் சொன்னபோது, "நீங்கள் ஆயிரம் பேர் வந்தீர்கள், நாங்கள் ஒருவரை அனுப்பினோம், எப்படிச் சரியாகும்?" என்று திருப்பினார்.

மாமரம் பற்றிச் சுருக்கமாகச் சொல்வோம். பூங்கொத்து வெளிறிய மஞ்சள். ஒவ்வொன்றாக வரைய இயலாது. காய்ந்த தூரிகையைத் தாளில் உரசினால் பொரிப்பொரியாக விழும், அதுவே போதும். ஆனால் தளிரைப் பாருங்கள். இலை என்றாலே பச்சை என்று கை ஓடும். மாந்தளிர் பச்சையா? செம்பு நிறம், சில மரங்களில் ஊதாச் சிவப்பு. நம் பெண்டிர் 'மாந்தளிர் நிறப் புடவை' என்று கடையில் சரியாகக் கேட்டு வாங்குகிறார்கள். வரையும்போது மட்டும் மறந்துவிடுகிறோம். முருங்கைப்பூவும் இப்போது உண்டு. வங்காளிகள் அம்மை வராமலிருக்கும் என்று இம்மாதங்களில் அதைச் சமைத்து உண்பர். வரைவதைவிட உண்பதற்கே ஏற்றது என்பது நம் அபிப்பிராயம்.

வேப்பம்பூவைக் கடைசிக்கு வைத்தோம். அதற்குக் காரணம் உண்டு.

மூன்று ஆண்டுகளுக்கு முன் நம் தந்தையார் காலமானபின், சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமத்திலிருந்து தாயாரை இங்கு அழைத்து வந்தோம். வங்காளமும் இந்தியும் அவருக்குத் தெரியாது. காலையில் வாசலில் கோலமிடுவார், கோலத்தைச் சுற்றிக் காவி தீட்டுவார். அதன்பின் பகல் முழுதும் திண்ணையே. கடைக்கும் வரமாட்டார், கோயிலுக்கும் வரமாட்டார். "வேம்பு இல்லாத வாசல்ல எத்தனை நாள்ப்பா உக்காந்திருக்கது? என்னைக் கொண்டு போய் ஊர்ல விட்டிரு" என்பார். அங்கு யார் இருக்கிறார்கள் பார்த்துக்கொள்ள என்று நாம் கேட்போம். அவர் பதில் சொல்லமாட்டார். மறுநாள் மீண்டும் அதையே கூறுவார். ஒருமுறை நாம் சற்றுக் கடிந்தும் பேசிவிட்டோம்.

வகுப்புக்காகப் பூக்களைத் தேடி அலைந்தபோதுதான், சென்ற பங்குனி இறுதியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு முதிர்ந்த வேப்பமரம் நிற்பதைக் கண்டோம். கண்டோம் என்று எழுதவும் கூசுகிறது. பதினொரு ஆண்டுகளாக அம்மரத்தின் நிழலில்தான் நம் சைக்கிளை நிறுத்தி வந்திருக்கிறோம். நம் வீட்டிலிருந்து இருநூறு அடி வைப்பு. தாயார் அந்தப் பக்கம் வந்ததில்லை. நாமும் நிமிர்ந்து பார்த்ததில்லை.

அன்று பூங்கொத்து ஒன்றை ஒடித்து வந்து, மேசைமேல் வைத்து, மறுநாள் வகுப்புக்காக வரைந்து பார்த்துக்கொண்டிருந்தோம். வெள்ளைத் தாளில் வெள்ளைப்பூவை எப்படி வரைவது? பூவை வரையக்கூடாது, அதைச் சுற்றியுள்ள பச்சையை வரைய வேண்டும். பூவின் இடம் வெறுமையாக நிற்கும். சொல்ல எளிது. நம் தூரிகை அந்தச் சிறு சிறு வெண்மைகளின் மேலெல்லாம் ஏறி மிதித்துக்கொண்டிருந்தது. தாயார் பின்னால் வந்து நின்றதை நாம் அறியவில்லை. மேசைமேல் இருந்த கொத்தை எடுத்து முகர்ந்து பார்த்தார். எங்கே கிடைத்தது என்று கேட்கவில்லை. "புள்ளியை விட்டுட்டுல்லா சுத்தி இழுக்கணும்" என்றார். பிறகு தூரிகையை வாங்கிக்கொண்டார்.

அன்பர்களே, நாற்பத்தைந்து ஆண்டுகள் புள்ளிகளைத் தொடாமல் அவற்றைச் சுற்றிக் கோடு வளைத்த கை அது. சிக்குக் கோலம் போட அறிந்தவருக்கு, வெண்மையை விட்டு வர்ணம் வைப்பது புதிய வித்தையன்று. கால் மணி நேரத்தில் தாளில் வேப்பம்பூக் கொத்து ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. ஐந்தைந்து சிற்றிதழ்கள், நடுவில் சிறு குழல், ஒன்றின்மேல் ஒன்று படாமல். மறுநாள் அவரே வகுப்புக்கு வந்தார். தமிழ்ப் புத்தாண்டுக்கு முந்தைய ஞாயிறு அது. பன்னிரண்டு குழந்தைகளும் 'ஆச்சி, ஆச்சி' என்று சூழ்ந்துகொள்ள, ஒவ்வொருவர் தாளிலும் பென்சிலால் புள்ளி வைத்துக் கொடுத்து, சுற்றிப் பச்சை இழுக்கச் சொன்னார். வகுப்பு முடிந்ததும் மரத்தைக் காட்டச் சொல்லி நடந்து வந்தார். புத்தாண்டுப் பச்சடிக்கு அதே மரத்துப் பூதான்.

இத்தோடு எல்லாம் நலமாக முடிந்தது என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. வைகாசியில் தாயார் ஊருக்குச் சென்றுவிட்டார். இம்முறை கோபமாகக் கேட்கவில்லை. நாமும் மறுக்க இயலவில்லை. பக்கத்து வீட்டில் நம் சித்தி இருக்கிறார், இரவில் துணைக்கு வருகிறார். மாதம் ஒருமுறை வகுப்புக் குழந்தைகளின் சித்திரங்கள் சிலவற்றைத் தபாலில் அனுப்பி வைக்கிறோம். கைப்பேசியில் படமெடுத்து அனுப்பினால் சிறிதாகத் தெரிகிறதாம், தாள்தான் வேண்டுமாம். சென்ற மாதம் நம் மூத்த பெண் வரைந்த வேப்பிலையைப் பார்த்துவிட்டு அழைத்தார். "வேப்பிலை ஓரம் அரம் மாதிரில்லா இருக்கும். இது புங்க இலை மாதிரி வழுவழுன்னு இருக்கு. மரத்தைப் பார்க்காமலே வரைஞ்சிருக்கா" என்றார். உண்மைதான். மழை என்று வீட்டிலேயே உட்கார்ந்து வரைந்துவிட்டாளாம்.

தாயார் விட்டுச் சென்ற இன்னொன்றையும் குறிப்பிட வேண்டும். அவர் கோலத்திற்குக் காவி தீட்டக் கரக்பூரின் செம்மண்ணையே கரைத்து வந்தார். இவ்வூர் நிலம் செம்புறாங்கல் நிலமல்லவா? அதிலிருந்தே சித்திரத்திற்கு வர்ணம் செய்யலாம் என்று குழந்தைகளுக்குக் காட்டினோம். மண்ணை நீரில் கலக்கி அரை நிமிடம் நிறுத்தினால் மணல் அடியில் படிந்துவிடும். மேலுள்ள செந்நீரை மட்டும் வேறு பாத்திரத்தில் வடித்து, ஒரு நாள் தெளியவிட்டு, நீரை இறுத்துவிட்டால் வெண்ணெய் போன்ற வண்டல் கிடைக்கும். அதை உலர்த்திப் பொடித்து, வேலம்பிசின் கரைசலில் குழைத்து அரைக்க வேண்டும். ஒரு பங்கு பிசினுக்கு இரண்டு பங்கு வெந்நீர், இரவு முழுதும் ஊறட்டும். ஒரு சொட்டுத் தேன் சேர்த்தால் காய்ந்தபின் வெடிக்காது. கடையில் வாங்கும் நீர்வர்ணமும் அடிப்படையில் இதுவே, நிறப்பொடியும் பிசினுந்தான். நந்தலால் போஸ் 1938இல் ஹரிபுரா காங்கிரஸ் மகாசபைக்காக வரைந்த புகழ்பெற்ற சித்திரங்களிலும் மண் வர்ணங்களையே பயன்படுத்தினார். பூச்சாயம் போல் மண் வெளுப்பதில்லை. இலவ மரத்தின் அடியில் தரை வரைய இதைவிடப் பொருத்தமான வர்ணம் எந்தப் பெட்டியிலும் இல்லை.

வருகின்ற ஞாயிறு மாலை நான்கு மணிக்குச் சங்கக் கூடத்தில் இலவம்பூ வரைகிறோம். பெரியவர்களும் வரலாம், சென்ற முறை வந்த தகப்பனார்களில் இருவர் குழந்தைகளைவிட அதிகமாக வர்ணம் சிந்தினார்கள். ஒவ்வொருவரும் இரண்டு குவளைகளும் பழந்துணியும் கொண்டுவர வேண்டுகிறோம். பூவை வரும் வழியில் மரத்தடியில் பொறுக்கிக்கொள்ளலாம். டாட்டாநகர், ஆசன்சால் அன்பர்கள் தங்கள் வாசலில் இப்போது எது பூத்திருக்கிறது என்று ஓர் அஞ்சலட்டையில் எழுதினால், வங்காளப் பெயரோடு தமிழ்ப் பெயரையும் சேர்த்து அடுத்த இதழில் வெளியிடுவோம். தபால்தலைகளும் அடுத்த இதழில்.